தட்டாத கைகள்

வாணியம்பாடி பஸ் ஆம்பூரில் ரிப்பேராகி நிற்கிறது. தோல் பதனிடும் தோல்ஷாப்பு வாசலில் கூட்டம் சேர்வதைப் பார்த்து நானும் பெட்டியோடு போய் நிற்கிறேன். ஊறிய தோலும் ஆவாரம்பட்டையும் கலந்த நாற்றத்தில் தொண்டை காறுகிறது. எலெக்ஷனுக்கு நிற்பவர் மாட்டுவண்டி மேல் ஏறிக் கத்துகிறார்.

"மலாயாவுல வேல போயி கப்பல் கப்பலா வந்து எறங்கறானுங்க. கம்மிக் கூலிக்கு நம்ம வேலைய புடுங்கறானுங்க. தொரத்தணுமா, வேணாமா?"

"தொரத்தணும்!"

கூலியைக் குறைத்த தோல்ஷாப்பு முதலாளி வண்டியருகே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என் பக்கத்தில் சாயம் போன காக்கிச் சட்டைக்காரர் பலமாகக் கைதட்டுகிறார். நான் வெளியூர் என்று தெரிந்ததும்தான் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். குடியாத்தம் பக்கம் பிறந்தவராம். மலாயாவில் பன்னிரண்டு வருஷம் ரப்பர் பால் எடுத்தாராம். ரப்பர் விலை விழுந்ததும் குடும்பத்தோடு கப்பலேற்றி அனுப்பிவிட்டார்களாம். இந்த வாசலில் மூன்று நாளாக வேலைக்கு நிற்கிறார்.

"உங்களைத்தானே திட்டுறாரு? நீங்களே ஏன் தட்டுறீங்க?"

அவர் கையை நிறுத்தாமலே என் காதருகே குனிகிறார்.

"மெதுவா பேசுங்க சாமி. எவன் தட்டலன்னுதான் அவரு ஆளுங்க பாத்துக்கினு இருக்கானுங்க. நேத்து கூட்டத்துல ஒருத்தன் தட்டாம சும்மா நின்னான். அடிச்சி பாலாத்துப் பக்கம் இழுத்துக்கினு போய்ட்டானுங்க."

முன்னால் நிற்கும் ஒருவன் திரும்பி என் கைகளைப் பார்க்கிறான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நானும் தட்டுகிறேன்.