ஓட்டிப் பார்த்த டிக்கெட்

எனக்குச் சோறு போட்டதே சந்தேகம்தான். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் மெஷின் ஆளாகச் சேர்ந்தவன், பிறகு முதலாளிக்காக ஜெர்மனிக்குப் போய்ப் பழைய மெஷின்களைப் பார்த்து விலை பேசி முடித்துக் கொடுக்கிறவனாக ஆனேன். ஒவ்வொரு விற்பனைக்காரனையும் திருடன் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே அவன் கொடுக்கும் காபியைக் குடிக்கிற வேலை அது. புதுப் பெயிண்ட் பளபளத்தால் உள்ளே ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். இதுவரை எத்தனை தாள் ஓடியது என்று காட்டும் மீட்டரைத் திருப்பி வைத்திருப்பான். வழவழப்பான தாளைப் போட்டு அவன் ஓட்டிக் காட்டும்போது எல்லா மெஷினும் தங்கமாகத்தான் ஓடும். நான் பையைத் திறந்து, பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு நாங்கள் போடுகிற மட்டமான தாளில் ஒரு கட்டு எடுத்து நீட்டுவேன். இதைப் போட்டு ஓட்டு என்பேன். அப்போதுதான் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும். நம்ம தாளைப் போட்டு ஓட்டிப் பார்க்காமல் எதற்கும் தலையாட்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம்.

இப்படிப் போய் வந்துகொண்டிருந்த காலத்தில், இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும், வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. விமானக் கம்பெனி அனுப்பியது. உள்ளே என் பெயர் பொறித்த ஒரு பிளாஸ்டிக் அட்டையும் ஒரு கடிதமும் இருந்தன. நான் பறந்த தூரத்துக்கெல்லாம் மைல் கணக்கு வைத்திருக்கிறார்களாம். அது சேரச் சேரக் காசில்லாமல் டிக்கெட் தருவார்களாம். ஏதோ ஒரு பயணத்தில் ஃபாரம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தது மங்கலாக ஞாபகம் வந்தது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? தீபாவளிச் சீட்டு என்று வாரா வாரம் வாங்கிக்கொண்டு, ஐப்பசி பிறந்ததும் கடையைப் பூட்டிவிட்டு ஓடினவனை எங்கள் தெருவிலேயே பார்த்தவன் நான். அட்டையையும் கடிதத்தையும் கொண்டுபோய்ப் பீரோவில் மனைவியின் சேலைகளுக்கு அடியில் செருகினேன். அடுத்தவர் சேலைக்கு அடியில் ஒளித்தால் அவர் கண்ணில்தானே படும்? அந்த அறிவு எனக்கு அன்றைக்கு இல்லை.

என் மனைவி தாயில்பட்டிக்காரி. சந்தேகத்தில் எனக்கு அக்கா முறை. ஒவ்வொரு முறை நான் வெளிநாடு போய்த் திரும்பும்போதும் பெட்டியை என்னைத் திறக்க விடமாட்டாள். தானே திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்ப்பாள்.

"இது நம்ம சோப்பு வாசம் இல்லையே. அங்கன யாரு துவைச்சுப் போட்டா?"

"ஹோட்டல்ல இருந்த சோப்பு. நான்தான் துவைச்சேன்."

"துவைச்சது இருக்கட்டும். இம்புட்டு அழகா மடிக்கத் தெரிஞ்ச ஆளு, வீட்டுல ஏன் ஒரு துண்டக்கூட மடிக்க மாட்டேங்கீக?"

அட்டை கண்ணில் பட்ட அன்றைக்கும் அதைக் கையில் வைத்துக்கொண்டு இதே மாதிரித்தான் நின்றாள். கடிதம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னாள். ஒரு வரியைக்கூட விடக் கூடாது என்று விரலை வைத்துக் காட்டிக் காட்டிக் கேட்டாள். முடிவில், "அப்ப ரெண்டு பேரும் போலாம்ல?" என்றாள்.

எங்கே போவது என்று அவளிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் அச்சகத்தில் வருஷா வருஷம் ஒரு கேலண்டர் படம் ஓடும். ஏரி, பின்னால் பனிமலை, மரவீட்டு ஜன்னலில் சிவப்புப் பூ. சுவிட்சர்லாந்து. ஏரிக்கு நீலம் போதாது என்று நாங்களே கொஞ்சம் ஏற்றி ஓட்டுவோம். அதை ஒருநாள் வாய்தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த ஏரியும் அவள் சந்தேகக் கணக்கில் சேர்ந்துவிட்டது. "இந்த எடம் நெசமாவே இருக்கா, இல்ல நீங்களா கலர் ஏத்தி வச்சிருக்கீகளா?" என்பாள். ஆனால் அன்றைக்கு அவள் ஏரியைப் பற்றிப் பேசவில்லை. "வருசம் ரெண்டு தடவ நீங்க எங்கனயோ போயிட்டு வாரீக. அது என்ன எடம், எப்படி இருக்கும்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் வளையல் கேட்டிருக்கிறாள், மிக்ஸி கேட்டிருக்கிறாள். இப்படி ஒன்றை அவள் கேட்டதே இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்னேனே தவிர நம்பவில்லை. அதற்குப் பிறகு போன பயணங்களின் மைல்கள் ஒழுங்காக ஏறுகின்றனவா என்று மாதாமாதம் வரும் காகிதத்தைப் பழைய டிக்கெட்டுகளோடு வைத்துப் பார்ப்பேன். குறையவே இல்லை. குறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். சரியாக இருந்ததுதான் பயமாக இருந்தது. முதலாளி வேறு ஒரு பக்கம். டிக்கெட்டுக்குக் காசு போட்டவர் அவர், மைல் மட்டும் எனக்கா? கேட்டுவிடுவாரோ என்று ஒரு வருஷம் மென்று முழுங்கி, கடைசியில் நானே போய்ச் சொன்னேன். "ஒம்பேர்ல வந்தது ஒனக்குத்தாம்லே. வச்சுக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அவர் அப்படித் தாராளமாகச் சொன்னதை நினைத்து நினைத்து இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்தோம். விசாரிக்க வந்த போலீஸ்காரர், "எந்த வேலைக்குப் போறீங்க?" என்று கேட்டார். "வேலைக்கில்ல. சும்மா சுத்திப் பாக்க" என்றாள் அவள். "சும்மாவா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், ஊரில் வாங்கின கடனுக்கு ஓடப் போகிறவன் என்றே முடிவு கட்டியிருப்பார். அக்கம்பக்கத்தில் விஷயம் பரவி, இவர் கம்பெனியை விட்டு அங்கேயே தங்கிவிடப் போகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அவள் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கொடைக்கானல் போனவர்களிடம் சொல்லி இரண்டு ஸ்வெட்டர் வரவழைத்தாள். எங்கள் ஊர் வெயிலில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு அதைப் போட்டுப் பார்த்தாள். வேர்த்து வழிந்தது. "அங்கன இது போதுமா?" என்று கேட்டாள். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, நார்த்தங்காய் என்று தனியாக ஒரு பட்டியல் சமையலறைச் சுவரில் தொங்கியது. அவளை அப்படிச் சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

பொங்கலோடு கேலண்டர் சீசன் முடிந்தது. அடுத்த சீசன் சூடு பிடிக்கிறதற்குள் போனால்தான் உண்டு. கையில் இருந்த மைல் இரண்டு பேருக்குச் சரியாக வந்து, கொசுறாகக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. மார்ச் மாதம் முடிந்தால் பழைய மைல்கள் செல்லாமல் போய்விடும் என்றும் காகிதத்தில் போட்டிருந்தான். உடனே மதுரைக்குப் போய் டிக்கெட்டைப் போட வேண்டியதுதானே? மனுஷன் அதைத்தான் செய்திருப்பான். எனக்குக் கை வரவில்லை. ஸ்வெட்டர் வாங்கி, ஊரெல்லாம் தெரிந்து, கடைசி நாளில் ஏர்போர்ட்டில் இது செல்லாது என்று அவள் முன்னால் ஒருவன் சொல்லிவிட்டால்? ஆழம் தெரியாமல் காலை விடுவதா? முதலில் சின்னதாக ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தக் கம்பெனியோடு கூட்டு வைத்திருந்த உள்நாட்டு விமானம் ஒன்று மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. மைல் என்றால் தூரம். சென்னை கூப்பிடு தூரம். கொசுறாக இருக்கிற மைலே தாராளமாகப் போதும் என்று கணக்குப் போட்டேன். அச்சகத்திலிருந்து போன் பண்ணி, அட்டை நம்பரைச் சொன்னேன். மதுரை ஏர்போர்ட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். தை மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. விருதுநகருக்குப் பேப்பர் லோடு பார்க்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். செல்லாமல் போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயம் ஒன்று. இத்தனை நாள் ஏமாற்று வேலை என்று வாய்கிழியப் பேசிவிட்டு இப்போது நானே போய் நிற்கிறேனே என்ற வெட்கம் இன்னொன்று.

டிக்கெட் கொடுத்தார்கள். ஏற்றினார்கள். இறங்குகிற வரைக்கும் யாராவது வந்து காசு கேட்பார்கள் என்றே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. சென்னையில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகவே இல்லை. நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அதே டிக்கெட்டில் திரும்பி வந்தேன். ஓடுகிறது! நல்ல மெஷின்தான்! பஸ்ஸில் வரும்போது வாய் தானாகச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அடுத்த மாதம், புதுக் காகிதம் வருவதற்கு முன்பே, இருவரும் மதுரைக்கு டிக்கெட் போடப் போனோம். அவள் பட்டுச்சேலை கட்டியிருந்தாள், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், ஒரு ஆளுக்குத்தான் வரும்" என்றார்.

"நல்லாப் பாருங்கம்மா. ரெண்டு பேருக்கு இருக்கு. காயிதம் எங்கிட்ட இருக்கு."

"இருந்துச்சு சார். நடுவுல ஒரு டிக்கெட் எடுத்திருக்கீங்களே. மதுரை, சென்னை, திரும்பவும் மதுரை. ஒரே நாள்ல."

"அது பக்கத்து ஊருதானம்மா? கொஞ்சந்தானே போகும்?"

"உள்நாட்டுல எங்க போனாலும் ஒரே கணக்குதான் சார். தூரத்தைப் பாக்க மாட்டாங்க. அதை எடுக்காம இருந்திருந்தா இன்னைக்கு ரெண்டு பேருக்கும் வந்திருக்கும்."

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் கேட்டாள். "அது என்னைக்கும்மா?"

தேதியைச் சொன்னார். அவள் விரலை மடக்கி எண்ணினாள். "செவ்வாக்கெழம. விருதுநகருக்குப் பேப்பர் பாக்கப் போறேன்னு சொன்ன அன்னைக்கு."

"டிக்கெட் குடுக்காகளான்னு பாக்கத்தான் போனேன்" என்றேன். "நெசமா, பொய்யான்னு. மெஷின ஓட்டிப் பாக்குற மாதிரி."

"மெட்ராஸுல யாரப் பாத்தீக?"

"யாரையும் பாக்கல. ஏர்போர்ட்டுலயே உக்காந்திருந்துட்டு வந்துட்டேன்."

சத்தியமாக அதுதான் உண்மை. என் காதுக்கே அது அப்பட்டமான பொய்யாகக் கேட்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு எதையோ தட்டினார். பிறகு, "ஒரு டிக்கெட் போட்டுறவா சார்?" என்று கேட்டார். இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்க எங்கள் வீட்டில் வழியில்லை. "வேணாம்மா" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

அந்த ஒரு டிக்கெட்டை நாங்கள் கடைசி வரைக்கும் எடுக்கவில்லை. மார்ச் முடிந்தது, மைல்களும் போயின. போகட்டும். அதைவிட எனக்கு மறக்காதது அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்தான்.

திருமங்கலம் தாண்டியதும் விசாரணை ஆரம்பித்தது. என்ன சட்டை போட்டுப் போனீக? கட்டம் போட்டது. அங்கன என்ன சாப்பிட்டீக? ஒரு காபி. மூணு மணி நேரத்துக்கு ஒரே காபியா? ரெண்டாவது வாங்க மனசு வரல, அங்கன வெலை அதிகம். அதைக் கேட்டதும் அவள் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அந்தக் கஞ்சத்தனத்தை யாரும் கற்பனையாகச் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். நம்பிவிட்டாள் என்று எனக்கு உயிர் வந்தது. கள்ளிக்குடி தாண்டியதும் கடைசியாக ஒன்று கேட்டாள்.

"ப்ளேன்ல பக்கத்து சீட்டுல யாரு இருந்தா?"

இதற்கும் என்னிடம் சுத்தமான பதில் இருந்தது. சந்தேகம் முழுதாகத் தீர்ந்துவிடும் என்ற வேகத்தில் சொன்னேன். "ஒருத்தரும் இல்ல. சாமி சத்தியமாச் சொல்லுதேன். போறப்பவும் சரி, வாரப்பவும் சரி, பக்கத்து சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே கருவேலங்காடு போய்க்கொண்டே இருந்தது. கோபமே இல்லாமல் சொன்னாள்.

"அதுல என்னைய உக்கார வச்சிருக்கலாம்ல. மெட்ராஸுக்கா இருந்தா என்ன, நான் ஒங்ககூட வந்திருப்பேனே."