வெட்டியவன் வெள்ளையடித்த வீடு

என் புருஷனை வெட்டிக் கொன்றவனைத்தான் என் வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கூப்பிட்டேன். இதைக் கேட்டால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். சொல்லட்டும். அப்படிச் சொல்கிறவர்களில் ஒருத்தராவது என் மகனை ஒரு நாள் வைத்திருந்து சோறு போட்டவர் இல்லை.

வெட்டியவன் பேர் தவசி. திருப்புல்லாணிக்குத் தெற்கே எங்கள் ஊர். என் புருஷன் யோகேஸ்வரனுக்கு அவன் பங்காளி, தம்பி முறை. மதினி மதினி என்று என் கையால் வாங்கிச் சாப்பிட்டவன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கண்மாயில் தண்ணீர் குறைந்துபோய், யார் வயலுக்கு முதலில் மடை திறப்பது என்று சண்டை வந்தது. என் புருஷனும் லேசுப்பட்ட ஆள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தவசியைப் பெற்ற அய்யாவை, எழுபது வயசுக் கிழவரை, ஊரே பார்க்க மடையில் வைத்துச் செருப்பால் அடித்தார். மறுநாள் காலை ஆறரைக்கு, வாசற்படியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த மனுஷனை தவசி வந்து மூன்று வெட்டு வெட்டினான். முதல் வெட்டு தோளில். இரண்டாவது நழுவி வாசல் நிலையில் இறங்கியது. மூன்றாவது கழுத்தில். நான் காப்பித் தம்ளரோடு பின்னால் நிற்கிறேன். ஆறு வயசு மாரிச்செல்வம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். படியில் ஓடிய ரத்தத்தில் பற்பசை நுரையும் கலந்து ஓடியது. இன்றைக்கும் எனக்குப் பற்பசை வாடை ஆகாது.

தவசிக்கு ஆயுள் தண்டனை. பதிமூன்று வருஷம் கழித்து நன்னடத்தை என்று வெளியே விட்டார்கள். நன்னடத்தையாம், மண்ணாங்கட்டி. ஊருக்குள் வர முகமில்லாமல் ராமநாதபுரத்திலேயே ஒற்றை அறை எடுத்துத் தங்கி, சிறையில் கற்ற பெயிண்ட் வேலையும் கல் பதிக்கிற வேலையும் பார்த்தான். கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. வீட்டுப் புரோக்கர் சல்மான் அவனை நன்றாகப் பிடித்துக்கொண்டார். விலை போகாமல் கிடக்கிற வீடு என்றால் தவசியைத்தான் அனுப்புவார்.

அவன் வேலை பார்ப்பது ஒரு தினுசு. முதல் நாள் பெயிண்ட் டப்பாவைத் தொடவே மாட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க நடப்பான், எங்கே காலில் நறநறவென்கிறது என்று பார்ப்பான். அடுப்படியில் சமைக்கிறவள் நிற்கிற இடத்தில் நின்று நாலு பக்கமும் பார்ப்பான். பிறகு கிறீச்சிடுகிற கதவுக்கு எண்ணெய், சொட்டுகிற குழாய்க்கு வாஷர். செத்துப்போனவர்கள் படம், பழைய காலண்டர், வெற்று ஆணி எல்லாவற்றையும் இறக்கிவிடுவான். எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள், கரித்தால் அப்படியே திரும்பிவிடுவார்கள். சில பேர் அன்றைக்கு மட்டும் லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி ஏமாற்றுவார்கள். தவசி அதைச் செய்யமாட்டான். 'போர்த் தண்ணி உப்புத்தான்' என்று சொல்லிவிட்டு, நல்ல தண்ணீருக்குத் தனியாக ஒரு தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடிபோட்டுக் காட்டுவான். அவன் கை வைத்த வீடு ஒரு மாசத்துக்கு மேல் விலை போகாமல் நிற்காது என்று பேர்.

எனக்கு வீடு விற்றாக வேண்டியிருந்தது. மாரிக்கு இருபத்திரண்டு வயசாகிவிட்டது. பாம்பனிலிருந்து கேரளாவுக்கு மீன் லாரி ஓட்டுகிறான். கோயம்புத்தூரில் இருக்கிற என் தங்கை பானுப்பிரியா அவனுக்கு அங்கே வேலை பார்த்து வைத்துவிட்டு மூன்று தடவை கூப்பிட்டாள்.

"அய்யா ரத்தம் விழுந்த படி நம்மளுதா இருக்கிற மட்டும் நான் எங்கிட்டும் போகமாட்டேன். அவன்தான் வெளிய வந்துட்டான்ல, ஒருநாள் இந்தப் பக்கம் வராமயா போயிருவான்" என்பான்.

போன ஆவணியில் அவன் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது துணி சுற்றின ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தால் அருவாள். ஒரு பொட்டுத் துரு இல்லை, தேங்காயெண்ணெய் தடவி வைத்திருக்கிறான். புருஷனைத்தான் அருவாளுக்குக் கொடுத்தேன், மகனையும் ஜெயிலுக்குக் கொடுக்க என்னால் ஆகாது. வீட்டை விற்றுவிட்டால் இங்கே அவனுக்கு உட்கார்ந்து காத்துக்கிடக்கப் படியே இருக்காது. கழுத்தைப் பிடித்தாவது கூட்டிப்போய்விடுவேன்.

சத்துணவுக் கூடத்தில் இருநூறு பிள்ளைகளை மேய்க்கிறவள் நான், ஆனால் இந்த ஒரு வீட்டை விற்க முடியவில்லை. வந்தவர்கள் எல்லாம் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு, எதிரே பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கடைசியில் சல்மான், கீழக்கரை ஹமீது என்பவரைப் பிடித்தார். துபாயில் வேலை பார்க்கிறவர்.

"கொலை நடந்ததச் சொல்லிட்டேன்க்கா. அது பத்தி அவருக்கு ஒண்ணுமில்ல. பகை இன்னும் இருக்கான்னுதான் கேக்குறாரு. அவரு துபாய் போயிட்டா பொண்டாட்டி பிள்ளைக தனியால்ல கெடக்கணும்" என்றார் சல்மான். பிறகு தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது. வெட்டுனவனே வந்து இந்த வீட்டுக்கு வெள்ளையடிச்சான்னு வைங்க, அதுக்கு மேல பகை முடிஞ்சதுக்கு வேற சாட்சி வேணுமா?"

கையில் இருந்த தம்ளரை விட்டெறிந்தேன். அவர் காதை உரசிக்கொண்டு போனது. அவர் சொன்னது மட்டும் மண்டையை விட்டுப் போகவில்லை. இரண்டு நாள் கழித்து ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த தவசிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"மதினி..."

"அந்த வார்த்தையச் சொன்ன, பல்லத் தட்டிருவேன். நீ கொட்டுன ரத்தத்த நீயே வந்து கழுவுடா. வீட்ட விக்கணும். மாரி திங்கக்கிழமை லோடு ஏத்திட்டுப் போறான், சனிக்கிழமைதான் வருவான். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுட்டுப் போயிரு. அதுக்கப்புறம் உன் மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது."

"வாரேன்" என்றான்.

நான்கு நாளும் அவனைக் கரித்துக்கொட்டினேன். குடிக்க ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. பாட்டிலில் கொண்டுவந்து குடித்தான். நிலையில் இருந்த வெட்டுக்கு மக்குப் பசை வைத்து அடைத்துத் தேய்த்தபோது இரண்டு தடவை தேய்ப்புத் தாள் கை நழுவிக் கீழே விழுந்தது. எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? கல் அறுக்கிற கட்டர் பக்கத்தில்தான் கிடந்தது, ஓடவிட்டு அவன் மேல் போட்டுவிடலாமா என்று இருந்தது. சத்தியமாக இருந்தது. படியின் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு மேலே கருப்புக் கல் பதித்தான். கொத்தின சிமெண்டுத் தூளை ஒரு சாக்கில் அள்ளித் தானே தோளில் தூக்கிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹமீதும் அவர் மனைவி நஸீஹாவும் காரில் வந்தார்கள். வீடு பளிச்சென்று இருந்தது. தண்ணீரைக் குடித்துப் பார்த்துவிட்டு நஸீஹா அடுப்படியில் வெகுநேரம் நின்றாள். சல்மான் இரண்டு பேரையும் மாடிக்குக் கூட்டிப்போனார். தவசி கொல்லையில் துவைக்கிற கல்லுக்கு ஓரம் அறுத்துக்கொண்டிருந்தான். நான் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன்.

கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பினால் மாரி. லோடு பாதி வழியிலேயே வேறு வண்டிக்கு மாற்றிவிட்டார்களாம், ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டான் படுபாவி. வாசலில் கார் நிற்கவும் கொல்லை வழியாக வந்திருக்கிறான். என்னைப் பார்த்தான், தவசியைப் பார்த்தான். ஆறு வயசில் பார்த்த முகத்தை அவன் மறக்கவில்லை. நேரே தன் அறைக்குள் போனான். வெளியே வரும்போது கையில் அருவாள்.

நான் ஓடுவதற்குள் ஓங்கிவிட்டான். தவசி ஓடவில்லை. இடது கையை மட்டும் தூக்கினான். வெட்டு விழுந்தது. சுண்டுவிரல் தெறித்துத் துவைக்கிற கல்லில் விழுந்தது, மோதிர விரல் தோலில் தொங்கியது. ரத்தம் அவன் சட்டையிலும் புதுச் சுவரிலும் அடித்தது. மாரி மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை கழுத்துக்கு. பூச்சு வேலைக்கு வைத்திருந்த மட்டப் பலகை என் கையில் எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. பெற்ற பிள்ளை என்று பார்க்காமல் மணிக்கட்டில் ஒன்று, மூஞ்சியில் ஒன்று போட்டேன். அருவாள் விழுந்தது. மூக்கில் ரத்தம் வழிய நின்றவனை மயிரைப் பிடித்து இழுத்துக் குளியலறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டேன்.

"சத்தம் வந்துச்சு, உன்ன நானே கொன்னுருவேன்" என்றேன் கதவோடு வாயை வைத்து.

மாடிப்படியில் காலடி கேட்டது. தவசி அருவாளைக் காலால் மணல் குவியலுக்குள் தள்ளினான். வலது கையால் கட்டரை எடுத்து ஓடவிட்டு, ரத்தம் கிடந்த கல்லின் மேலேயே போட்டான். அது பல்லைக் கடித்துக்கொண்டு துள்ளியது.

"யா அல்லாஹ்! என்ன இது?" என்று ஹமீது ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்ல பாய். கட்டர் வழுக்கிருச்சு" என்றான் தவசி. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. ஆனாலும் பல் தெரியச் சிரித்தான், பாவி.

நஸீஹா தன் துப்பட்டாவை எடுத்துக் கையைச் சுற்றிக் கட்டினாள். ஹமீது சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கையில் இன்னும் மட்டப் பலகை இருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்டுல பகை ஏதும்..."

"என்னையக் கேளுங்க பாய்" என்றான் தவசி. "இவங்க வீட்டுக்காரர வெட்டுனது நான்தான். நாலு நாளா இங்கனதான் வேலை பாக்குறேன். பகை இருந்தா என்னைய உள்ள விடுவாங்களா? எல்லாம் என்னோட முடிஞ்சு போச்சு. உங்க பிள்ளைக தைரியமா இருக்கலாம்."

குளியலறைக்குள்ளிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. ஹமீது கார்ச் சாவியை எடுத்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரி. வீட்ட நாங்களே எடுத்துக்கிறோம், இன்ஷா அல்லாஹ்" என்றார். நஸீஹாவும் தலையாட்டினாள். தவசியைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப்போனார்கள்.

நான் தாழ்ப்பாளைத் திறந்தேன். மாரி கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தான். காலடியில் வாந்தி எடுத்திருந்தான்.

"அவன் ஏம்மா என்னையச் சொல்லல?" என்றான்.

ஒரு துண்டை அவன் மேல் விட்டெறிந்துவிட்டு, சல்மானை அவனுக்குக் காவல் வைத்துவிட்டுக் காரில் ஏறினேன். பத்து நாளில் பத்திரம் முடிந்ததும், வாயைத் திறக்காமல் மாரி என்னோடு கோயம்புத்தூருக்கு வந்ததும் பிறகு நடந்தவை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மெஷின் வெட்டுன்னா பிஞ்சிருக்குமே, இது இவ்வளவு சுத்தமா இருக்கு" என்றார். ஒரு வயசான ஏட்டு தாளும் பேனாவுமாக வந்தார்.

"கூட இருந்து பாத்தது யாரு?"

"நான்தான்."

"யாரும்மா வெட்டுனது? பயப்படாமச் சொல்லுங்க."

தவசி கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தான். பதினாறு வருஷமாக இவன் நாசமாய்ப் போகவேண்டும் என்று நான் கும்பிடாத சாமி இல்லை. இப்போதும் என் வயிறு ஆறவில்லை. மன்னிப்பு என்று எவளாவது என்னிடம் பேசிக்கொண்டு வந்தால் செருப்பு பிய்ந்துவிடும்.

"யாரும் வெட்டல. கட்டர் வழுக்கிருச்சு" என்றேன்.

ஏட்டு எழுதிக்கொண்டு தாளை நீட்டினார். "புருஷன் பேரோட முழுசா எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

சேதுலட்சுமி, கணவர் பெயர் யோகேஸ்வரன் என்று எழுதி ஊர்ப் பேரையும் எழுதினேன். ஏட்டு அதை வாங்கி இரண்டு தடவை படித்தார். கட்டிலில் கிடந்தவன் பேரையும் பார்த்தார்.

"யோகேஸ்வரன்னா... அந்த மடைத் தகராறுல..."

"அவருதான்."

ஏட்டு பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "தாயி, நீங்க எழுதிக் குடுத்தது நெசந்தானா?"

"நெசந்தான்" என்றேன். தேதி போட விட்டுப்போயிருந்தது, தாளை வாங்கி அதையும் போட்டுக் கொடுத்தேன்.