மாடன் பிடித்த வலது கால்

சபையாரே, என் வலது காலைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல வெட்கம். சொல்லாமல் இருந்தால் அதைவிட வெட்கம்.

உதியன்குளங்கரைக்குப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். கள்ளையும் சாராயத்தையும் விட்டேன் என்று ஞானஸ்நானத்தின்போது உங்கள் முன்னால்தான் வாக்குக் கொடுத்தேன். விடவில்லை. மாலையில் காற்று வாங்கப் போவதாக என் மனைவி ஏசுவடியாளிடம் சொல்லிவிட்டுப் போவேன். குடித்துவிட்டு, கொய்யா இலையை மென்றபடி வந்து, குடும்ப ஜெபத்தில் முழங்காலிடுவேன்.

முந்தின வருஷம் பங்குனியில் காரோட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கினேன். அதன் மூலையில், முந்திரிக் கொல்லாமரத்தடியில், ஊரார் சாமியாகக் கும்பிடும் ஒரு மாடன் கல். எண்ணெய் ஊறி ஊறிக் கறுத்த கல். வேலைக்கு வந்தவர்கள் அதைத் தொட மாட்டோம் என்றார்கள். நான் அன்று காலையிலிருந்தே குடித்திருந்தேன். விசுவாசத்தினால் அல்ல, வீம்பினால், வலது காலால் உதைத்துத் தள்ளினேன். உச்சி வெயில். மரத்தில் ஓர் இலை அசையவில்லை. ஆனால் கல் இருந்த குழியிலிருந்து குளிர்ந்த மூச்சு ஒன்று என் பாதத்தில் பட்டது. வேலைக்காரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விலகிப் போனார்கள்.

மறுநாள் விடியும்போது என் வலது கால் பெருவிரலை யாரோ கடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு எப்படிச் சொல்ல? கட்டிலில் ஒருவரும் இல்லை. பல் மட்டும் இருந்தது. விரலின் அடிமூட்டு சிவந்து பளபளத்து, அனல் அடித்தது. மேலே போர்த்திய துணியின் பாரம் தாங்கவில்லை. ஈ உட்கார்ந்தால் அலறினேன். பத்து நாளில் தானாக இறங்கியது.

ஏசுவடியாளின் தம்பி செல்லையன் நம் சபைக்கு வராதவன். அவன் என் காலைக் குனிந்து பார்த்தான்.

"ஒதச்ச காலத்தானே பிடிச்சிருக்கான், அத்தான்? இப்பம் போனவன் திரும்ப வருவான். படைப்பு குடுக்கணும்."

அவன் சொன்ன முறை இது. கல்லை மறுபடி நட்டு, வெள்ளிக்கிழமை உச்சிக்கு இலை போட்டு, சுட்ட கோழி ஈரலும் ஒரு தேங்காய்ச் சிரட்டைச் சாராயமும் வைக்க வேண்டும். மாடன் தன் பங்கை எடுத்த பிறகு மிச்சத்தைக் குற்றம் செய்தவனே குடித்துத் தீர்க்க வேண்டும். "ஒரு துளி மிச்சம் வச்சா அவன் ஏத்துக்கிட மாட்டான், ஆக்கும்."

வைகாசியில் கொடுத்தேன். வெள்ளி உச்சியில் குடித்தேன். சனி விடியலில் கடித்தான்.

"போதல்ல போல, அத்தான்" என்றான் செல்லையன். ஆனியில் இரண்டு சிரட்டை. இந்த முறை கணுக்காலையும் சேர்த்துக் கவ்வினான். ஆடியில் ஒரு குப்பி முழுவதும். அதற்குப் பின் நான் எழுந்து நடக்கவில்லை. பள்ளிக்கு வேறு ஆளைப் பார்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதையும் பொறுத்திருப்பேன். ஆனால் ஞாயிறுதோறும் நம் வேதக்கோயில் மணி அடிக்க அடிக்க, அதே தாளத்தில் கால் துடித்தது. நான் யாருடையவன் என்று அந்தக் கால் தீர்மானித்துவிட்டதுபோல.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. ஏசுவடியாள் ஆற்றுக்குப் போயிருந்தாள். செல்லையன் குப்பி வாங்கப் போயிருந்தான். உச்சி நேரம். வாசலோரக் கட்டிலில் நான் மட்டும்.

அப்போது கேட்டது. வீட்டைச் சுற்றி யாரோ நடந்தார்கள். ஒரு கால் ஊன்றியது; மற்றது இழுபட்டது. சருகு நொறுங்கியது. நின்றது. மறுபடி ஒரு சுற்று. காகம்கூடக் கரையவில்லை. மனப்பாடமாய்ச் சொல்லும் ஒரு வசனமும் நாவில் வரவில்லை. "ஆண்டவரே, என்னைப் பிடித்தவனுடைய முகத்தை எனக்குக் காட்டும். செத்தாலும் சரி" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

சத்தம் வாசலுக்கு நேரே வந்து நின்றது.

தாணுபிள்ளை. சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்து ஓய்ந்தவர். மேல்சாதிக்காரர்; எங்கள் வீட்டுக்குள் அவர்கள் ஏறுவதில்லை. முற்றத்தில் தடியை ஊன்றி நின்றார்.

"எலே வாத்தியாரே, எனக்க கண்ணுக்குட்டிய கண்டியா? ரெண்டு சுத்து சுத்தியாச்சு." பிறகு என் காலைப் பார்த்தார். "உனக்கும் வந்தாச்சா?"

"மாடன், ஐயா" என்றேன். உதைத்ததையும் படைத்ததையும் சொல்லி அழுதேன்.

அவர் சிரித்துவிட்டார். "கோட்டிக்காரா! நான் ஒரு கல்லையும் ஒதைக்கல்லியே. பதினோரு வருஷமா எனக்க காலப் பிடிச்சிருக்கவன் எந்த மாடன்? வந்த நாளு முழுக்க எண்ணிப் பாரு. குடிக்காம ஒருநாளாவது வந்திருக்கா?"

எண்ணினேன். ஒருநாளும் இல்லை.

அவர் கையை வெயிலில் நீட்டினார். விரல் மூட்டுகளில் கொட்டைப்பாக்கு அளவு முண்டுகள். ஒன்று வெடித்து, அதிலிருந்து வெள்ளையாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது.

"நீ பலகையில எழுதுத சுண்ணாம்பு, எனக்க ஒடம்புல வெளையுது. குடிய விடும் பிள்ளேண்ணு மிஷன் ஆசுபத்திரி டாக்டரு அப்பமே சொன்னாரு. கேக்கல்ல. இப்பமும் விட முடியல்ல."

நான் கேட்ட முகம் அது. பதினோரு வருஷத்துக்கு அப்பாலிருந்து என் முகமே வந்து முற்றத்தில் நின்றது. மாடனை நினைத்துக்கூட எனக்கு அப்படிச் சில்லிட்டதில்லை.

அந்நேரம் செல்லையன் குப்பியோடு வந்தான்.

"கொண்டு போ மக்கா" என்றேன்.

"மாடன் கோவிப்பான், அத்தான்."

"கோவிக்கட்டும். இனி அவன் பங்கும் கெடையாது, எனக்க பங்கும் கெடையாது."

தாணுபிள்ளையின் கண்கள் அந்தக் குப்பியோடு வேலிப் படலை வரை போயின.

மாடன் வருவான் என்று அன்று முழுவதும் நடுங்கினேன். வரவில்லை. வாரம் கழிந்து கால் ஊன்றினேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடியும் ஈரலும் ரத்தத்தில் ஒரு புளிப்பு உப்பைத் தேக்கும், அது மூட்டில் ஊசி ஊசியாய் இறங்கும் என்றார் டாக்டர். கசப்பு மருந்து தந்தார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். ஐப்பசியில் குடிக்காமலே ஒருமுறை லேசாகக் கடித்தது. அப்படியும் வரும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். மூன்று நாளில் போயிற்று. அதற்குப் பின் இல்லை. பள்ளியும் எனக்கே நிலைத்தது.

ஏசுவடியாளிடம் எல்லாவற்றையும் அறிக்கையிட்டேன். "கொய்யா எல சவைக்குத ஆடு வேற எந்த வீட்டுல உண்டு? எல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள். அவளும் எனக்காக ஜெபித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

உங்களில் யார் யார் வெள்ளிக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் போன வழிதானே. பயப்படாதீர்கள். உங்களைப் பிடித்தவனின் முகத்தைக் காட்டச் சொல்லிக் கர்த்தரிடம் கேளுங்கள். காட்டுவார். பார்க்கத் திராணியும் அவரே தருவார்.

தாணுபிள்ளைக்காகவும் ஜெபியுங்கள். எனக்கு வெளிச்சம் கொண்டுவந்தவர் இன்னும் இருட்டில்தான் இருக்கிறார். நேற்று முற்றத்தில் வந்து நின்று, "தனியா ஆசுபத்திரிக்குப் போக மடியும் பயமுமா இருக்கு, வாத்தியாரே" என்றார். என்னோடு ஒரே வண்டியில் ஏறச் சம்மதித்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் புறப்படுகிறோம். வண்டியில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.