மாலைதீவுக்குப் பயணம் சொன்ன கதை

ஓட்டமாவடியில் புருசனும் பெண்சாதியும் இரண்டு பேர் மட்டுமாக ஊரைவிட்டுப் புறப்பட்டால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று ஆஸ்பத்திரி, மற்றது தலாக் வழக்குக்குக் காதி நீதிமன்றம். மற்ற எல்லாப் பயணத்துக்கும் வேன் பிடிப்பார்கள், பதினான்கு பேர் இருக்கும் வேனில் இருபது பேர் ஏறுவார்கள், கால் வைக்கும் இடத்தில் புரியாணிச் சட்டி இருக்கும். இப்படிப்பட்ட ஊரில், நோய் வருத்தமும் இல்லாமல் வழக்கும் இல்லாமல், நாற்பத்தைந்து வயதில், புருசனோடு மூன்று நாள் ஒரு தீவுக்குப் போய் இருந்துவிட்டு வர வேண்டும் என்று உம்மு குல்தூம் ஆசைப்பட்டாள். ஆசையோடு நின்றிருந்தால் ஊருக்கு நட்டமில்லை. அவள் டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

குல்தூமுக்கும் ஹலீமுக்கும் கலியாணம் முடிந்து இருபத்தைந்து வருடம். அதில் இருபத்தொரு வருடம் ஹலீம் கட்டாரில் லொறி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். வந்த முதல் வாரம் சொந்தக்காரர் இவரைப் பார்க்க வருவார்கள், கடைசி வாரம் இவர் அவர்களைப் பார்க்கப் போவார், நடுவில் கிடக்கும் இரண்டு வாரத்தில் யாராவது கலியாணம் முடிப்பார்கள். குல்தூம் இங்கே தையல் மெஷினை மிதித்துப் பள்ளிக்கூடச் சட்டையும் அபாயாவும் தைத்தாள், ஓட்டுக்கூரையைக் கொங்கிரீட் தட்டாக மாற்றினாள், மகள் நிஸ்றாவை வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள். ஊர் வழக்கப்படி வீடு மகளுக்குச் சீதனமாகப் போயிற்று. மருமகன் முன் மண்டபத்துக்கு வந்தார், மாமி அடுக்களைக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போனாள். தன் கையால் கட்டிய வீட்டில் தானே ஒண்டுக்குடியாவதில் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பெருமை உண்டு, அதை இப்போது ஆராய வேண்டாம்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஹலீம் கட்டாரை ஒரேயடியாக முடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது அந்த அறைக்குத்தான். கட்டிலில் இவர் ஒரு ஓரம், அவள் ஒரு ஓரம், நடுவில் மூன்று வயதுப் பேத்தி றுமானா குறுக்காகப் படுப்பாள். விடிந்தால் ஹலீம் விறாந்தைக் கதிரையில் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து அடுக்களைக்கு முப்பது அடி தூரம். தேத்தண்ணி வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்.

“ஸலாம் நிஸ்றாட உம்மா, சுகமா? ஒரு தேத்தண்ணி கிடைக்குமா?”

இருபத்தொரு வருடப் பழக்கம். பெண்சாதி என்றால் அவருக்குப் போனுக்குள் இருக்கும் ஒரு ஆள். குல்தூமும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது ஓரவஞ்சனை. நேரில் இருவரும் பேசிக்கொண்டால், சாப்பிட்டீங்களா, சாப்பிட்டன், மழை வரும் போல, ஓம் வரும், அத்தோடு சரக்குத் தீர்ந்துவிடும்.

ஆனால் சொல்ல வேண்டியது குல்தூமிடம் நிறைய இருந்தது. இரண்டு வருடமாக அவளுக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் குளிசை போடுகிறாள், டப்பாவை நூல்கட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். போனில் சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வது, கடல் கடந்து இருக்கும் மனிதனிடம் வேறு என்ன சொல்ல முடியும்? அப்படியே சொல்லாமல் போயிற்று. ஹலீமின் தாய் மவுத்தாகும்போது கடைசியாக என்ன சொன்னா என்பதையும் சொல்லவில்லை. ஒரு வருடம் முழுக்க அவர்மேல் கோபமாக இருந்தாள், அவருக்கு அது தெரியாமலேயே கோபம் முடிந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். இதையெல்லாம் றுமானா கால் போட்டுக் கிடக்கும் கட்டிலிலும், மருமகன் நடமாடும் வீட்டிலும் சொல்ல முடியாது. இந்த மனிதனோடு மிச்சக் காலம் பேசி வாழப்போகிறாளா, இல்லை தேத்தண்ணி கொடுத்தே கழிக்கப்போகிறாளா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

முதலில் பாசிக்குடாவுக்குப் போய்ப் பார்த்தார்கள். பக்கத்தில்தான், மோட்டார்சைக்கிளில் அரைமணி நேரம். கடலில் கால் நனைத்துக் கால்மணி நேரம் ஆகவில்லை, தண்ணீருக்குள் இருந்து ஒருவர் பின் ஒருவராகச் சொந்தக்காரர் எழும்பி வந்தார்கள். ஹலீமின் பெரியப்பா வழியில் ஏழு பேர், குல்தூமின் சாச்சி மக்கள் நாலு பேர். எல்லோரும் ஒரு வேனில் வந்திருந்தார்கள். பொழுது சாயும்போது குல்தூம் யாரோ பெற்ற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் தங்கச்சி மகன் ஷிஹானிடம் போனாள். கடைத்தெருவில் ஒரு டிக்கெட் கடையில் வேலை செய்பவன், உம்றா போகிறவர்களையும் வளைகுடா போகிறவர்களையும் அனுப்பி அனுப்பி அலுத்துப் போனவன்.

“பெரியும்மா, பாசிக்குடாவில சனமெண்டா மாலைதீவுக்குப் போங்க. பெரிய ஹோட்டல் இல்ல, ஊர்ச் சனம் இரிக்கிற தீவில சின்னக் கெஸ்ட் ஹவுஸ். மூணு ராவு, சாப்பாட்டோட. ஹலால்தான், பள்ளிவாசலும் இரிக்கி.”

“நம்மளே தீவுலதானே இரிக்கம். இன்னொரு தீவுக்கு என்னத்துக்குப் பிளேனு?”

“இந்தத் தீவுல உங்களுக்குச் சொந்தக்காரர் கூடிப்போச்சி.”

பேச்சு நியாயமாக இருந்தது. ஷிஹான் போனில் படம் காட்டினான். வெள்ளை மணல், நீலத் தண்ணீர், தென்னை மரம். தென்னை மரம் பார்க்கக் காசு கொடுப்பதா என்று குல்தூம் யோசித்தாள். அடுத்த படத்தில் ஒரு கட்டில், அதன்மேல் துவாயை மடித்து இரண்டு தாரா வாத்து செய்து வைத்திருந்தார்கள்.

“அந்தத் துவாயால துடைக்கலாமா, பாக்க மட்டுமா?”

“துடைக்கலாம் பெரியும்மா.”

அந்தப் பெரிய கட்டிலில் இரண்டு தாராவைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதைக் குல்தூம் கவனித்தாள். மலிவு விமானம், விசாவுக்குக் கட்டணம் இல்லை, பெட்டி ஏழு கிலோவுக்கு மேல் கூடாது. அபாயா தைத்த காசு சீட்டில் கிடந்தது, சீட்டு விழுந்ததும் டிக்கெட்டுக்குக் கட்டிவிட்டாள். கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரன் உம்றாவா என்று கேட்டான். ஓமென்று தலையாட்டிவிட்டு, பொய்க்குத் தனியாகப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

ஹலீமிடம் சொன்னபோது அவர் அவளுடைய புதுக் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“வேலைக்கா?”

“இல்ல, சும்மா.”

“சும்மா பிளேன்ல ஏறுறதா?” அவருடைய ஆயுளில் சும்மா விமானம் ஏறியதில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. முகம்கூடக் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தது.

“ஊருக்குச் சொல்லாதீங்க. நிஸ்றாவுக்கும் ஷிஹானுக்கும் மட்டுந்தான் தெரியும். சொன்னா வேன் பிடிச்சிருவாங்க.”

“சொல்லமாட்டன்,” என்றார் ஹலீம். அதை அவர் நம்பித்தான் சொன்னார்.

புறப்பட மூன்று நாள் இருக்கும்போது பெட்டி கட்டினார்கள். அங்கேதான் பிழை நடந்தது. பெட்டியின் சிப் மூடும் சத்தம் கேட்டதும் ஹலீமின் கால் தானாக மோட்டார்சைக்கிளைத் தேடியது. புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வதும், தெரிந்தோ தெரியாமலோ செய்த குற்றம் குறையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்பதும் இங்கே ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் வழக்கம். ஹலீம் அதை ஒவ்வொரு கட்டார்ப் பயணத்துக்கும் தவறாமல் செய்தவர். அசர் தொழுகைக்குப் பிறகு புறப்பட்டு, இரண்டு நாளில் நாற்பது வீடு முடித்தார். எல்லா இடத்திலும் தலையைக் குனிந்துகொண்டு ஒரே வசனம்.

“பயணம் சொல்ல வந்தன். என்னில ஏதும் பிழை இருந்தாப் பொறுத்துக்குங்க. துஆச் செய்ங்க.”

“எங்க போறீங்க?”

“மாலைதீவுக்கு. நானும் பொஞ்சாதியும்.”

“என்னத்துக்கு?”

“சும்மாதான்.”

சும்மா என்பதை ஓட்டமாவடியில் யார் நம்புவார்? வேலையில்லை, பேத்தியை மகளோடு விட்டுவிட்டு இரண்டே பேர், வாயெல்லாம் பொறுத்துக்குங்க. பாதி ஊர் ஹலீமுக்குப் புற்றுநோய் என்று முடிவு செய்தது. மற்றப் பாதி, தலாக் சொல்ல முன்பு கடைசியாக ஒத்துப்போகப் பார்க்கிறார்கள் என்றது. இரண்டு பாதிக்கும் ஒத்து வரும்படி, வருத்தம் வந்ததால்தான் பெண்சாதி விட்டுவிட்டுப் போகப்போகிறாள் என்றும் ஒரு வீட்டில் பேசினார்கள். அது யாருடைய வீடு என்று குல்தூமுக்குத் தெரியும், வெளியே சொல்வதற்கில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் காலை பத்து மணியில் இருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கறுத்த முந்திரிகைக் குலை, அப்பிள், மோல்ட் மா டின், இளநீர். மண்டபம் நிறைந்தது. ஹலீம் நடுவில் கதிரையில் உட்கார்ந்திருந்தார், ஒவ்வொருவரும் அவருடைய கண்ணின் கீழ் இமையைப் பார்த்தார்கள். “நல்லா மெலிஞ்சி போனீங்க” என்றார்கள். எட்டு மாதத்தில் அவருக்குத் தொந்தி வைத்திருந்தது.

அடுக்களையில் குல்தூம் முப்பத்தைந்தாவது தேத்தண்ணியை ஊற்றினாள். காலைக் குளிசை போடவில்லை, வயிற்றிலும் ஒன்றும் இல்லை. வருத்தக்காரி தேத்தண்ணி ஊற்றுகிறாள், சுகமாக இருக்கிற மனிதனை ஊர் வந்து பார்க்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னால் எரிச்சல் வந்தது.

நடுப்பகலாகும்போது ஹலீமுடன் பிறந்த மூத்தவ, ராத்தா ஆயிஷா உம்மா வந்தா. வரும்போதே அழுதுகொண்டு வந்தா, ஒரு கையில் முந்திரிகைப் பை, மற்றக் கையில் உடுப்புப் பை.

“தம்பி, நீ ஒண்டும் பயப்படாத. நானும் வாறன். ஆஸ்பத்திரியில நிக்கிறதுக்குச் சொந்தத்தில ஒரு ஆள் வேணும். வழியில ஷிஹானுக்கிட்ட கேட்டன், சீட்டு இரிக்காம்.”

ஹலீம் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ராத்தாவின் கண்ணீரைப் பார்த்தார். இருபத்தொரு வருடம் எல்லோருக்கும் ஓம் சொல்லிப் பழகிய வாய்.

“ஓம் ராத்தா, வாங்க,” என்றார்.

அடுக்களைக்குள் குல்தூமுக்கு அது கேட்டது. கையில் இருந்த கோப்பையை அலம்பும் தொட்டிக்குள் வைத்தாள். மருமகனும் வெளி ஆண்களும் இருக்கும்போது அவள் மண்டபத்துக்கு வருவதில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இன்று வந்தாள்.

“மதினி, நீங்க இரிங்க. இவருக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

“அப்ப ஆருக்கு வருத்தம் மனெ?” என்றா ராத்தா.

குல்தூம் இதைத் தீவில் வைத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொல்ல நினைத்திருந்தாள். இந்தச் சனத்துக்கு நடுவில் அல்ல. ஆனால் வாய் அதற்குள் திறந்துவிட்டது.

“எனக்கு. ரெண்டு வருசமாச் சீனி வருத்தம். குளிசை போடுறன்.”

ஹலீம் கதிரையில் இருந்து எழும்பினார்.

“ஆருக்குத் தெரியும்?”

“நிஸ்றாவுக்குத் தெரியும். டொக்டருக்குத் தெரியும்.”

“எனக்கு நீ சொல்லல்லயே.”

“நாப்பது வீட்டுக்குப் போய்ப் பேசினீங்க. அடுக்களைக்கு ஒருக்காவும் வரல்லயே.”

ஹலீமின் முகம் சுருங்கிப் போனது. குல்தூமுக்கும் சொன்ன கையோடு மனம் வலித்தது. இவ்வளவு பேருக்கு முன்னால் அவரை நிறுத்திவிட்டாளே. அவர் கோபித்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுவார், பயணமும் இதோடு சரி என்று நினைத்தாள்.

ஹலீம் விறாந்தைக்குப் போகவில்லை. ராத்தாவின் உடுப்புப் பையை எடுத்து அவவின் கையிலேயே கொடுத்தார்.

“ராத்தா, நீங்க வரவேணாம். ஒருத்தரும் வரவேணாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போகல்ல. எனக்கு என்ட பொஞ்சாதியத் தெரியா. அவவோட பழகப் போறன்.”

ஐம்பது வயது மனிதர், மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெண்சாதியோடு பழகப் போகிறேன் என்றார். பெண்களில் இரண்டு பேர் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்கள். மருமகன் சுவரில் இருந்த கலண்டரை வாசித்தார். ஆயிஷா உம்மா மூக்கைத் துடைத்தா, கொஞ்சம் யோசித்தா, பிறகு தான் கொண்டுவந்த முந்திரிகைப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டா.

“சீனி வருத்தத்துக்கு இது கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போனா. மற்றவர்களும் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டே போனார்கள்.

மண்டபம் காலியானதும் ஹலீம் அடுக்களைக்கு வந்தார். எங்கே நிற்பது என்று தெரியாமல் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு ஒரு பலகையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“குளிசை போட்டியா?”

“இன்னும் இல்ல.”

“சாப்பிட்டுப் போடு. நான் பாத்துட்டு இரிக்கன்.” பலகையை இன்னும் கிட்ட இழுத்தார். “இன்னும் என்னெல்லாம் சொல்லாம வெச்சிரிக்காய்?”

குல்தூம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

“மூணு நாளும் பேசக் காணும்,” என்றாள்.