ஐஸ் வைத்த ரத்தம்

தன் அக்காவுக்கு அவர் பட்ட கடன் ஒரு வேனின் விலை. அவள் வளையல்களை விற்று வாங்கிக் கொடுத்த வண்டி அது. நாலாம் வகுப்பு தாண்டாத அந்த மனிதர் அதை வைத்தே மீன், பால், தடுப்பூசி என எதையும் ஐஸில் வைத்துக் கெடாமல் சேர்ப்பவர் என்று பேர் எடுத்தார். பிறகு ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் ஏற்றினார்.

அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. புதுச் சிகிச்சையில் சேர, அவள் ரத்த அணுக்களுக்கு இன்னும் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழிகள் நிறைந்த தட்டில் உயிருள்ள அணுக்களை விட்டு, மருந்தால் சீண்டுவார்கள். வீறுகொண்டு எழும் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியைப் பதிக்கும்.

"ஐஸ் வேணாம்ணே, அறைச்சூடே போதும்" என்று ஆய்வுக்கூடத்துப் பரிசோதகி எப்போதும் சொல்வாள்.

"எனக்கே பாடமா?" என்று முணுமுணுத்தவர், அன்று ஏற்றுவது அக்காவின் ரத்தமாயிற்றே என்று சொந்தக் காசில் ஐஸ் வாங்கிக் குழாய்களைப் புதைத்தார்.

மறுநாள் தட்டில் ஒரு புள்ளியும் இல்லை. எல்லா அணுவையும் உசுப்பும் மருந்து விட்ட குழிகூட வெறுமையாய்க் கிடந்தது.

"ஐஸ் வச்சீங்களா?"

"நிறைய வச்சேன்மா. எங்கக்காவாச்சே!"

"குளிர்ல அதெல்லாம் மரத்துப்போயிடும்ணே. அந்தச் சிகிச்சைக்கு ஆள் சேர்க்கிறது இன்னையோட முடியுது. மறுபடி பார்க்க நேரமில்ல."

அந்த வாரமே வேனை விற்றார். படுக்கையில் கிடந்த அக்கா பணத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடா, பெரிய மனுஷனாயிட்டியா?"

ஐஸைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மூட வலுவில்லாத அவள் உள்ளங்கையில் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.