தீர்ப்புக்குப் பிறகு நான்கு வெள்ளி

என் கணவர் டிரெய்லர் ஓட்டுபவர். வளைகுடாவின் ஆறு நாடுகளுக்கும் சரக்கு ஏற்றிப்போனாலும் வெள்ளிக்கிழமைக்குள் வீடு திரும்பிவிடுவார். எங்களுக்குப் பிறந்த ஒரே மகன் பிறந்த வாரமே மவுத்தாகி இந்த நாட்டில்தான் அடக்கமாகியிருக்கிறான். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இருவரும் கபருஸ்தானுக்குப் போவோம். பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அவர் உள்ளே போவார், நான் வெளியே வண்டியில் இருப்பேன்.

அவருக்கு அறுபது வயதாகும் சமயத்தில் புதுச் சட்டம் வந்தது. அறுபது தாண்டிய வெளிநாட்டவருக்குக் கனரக லைசென்ஸைப் புதுப்பிக்கமாட்டார்களாம். லைசென்ஸ் இல்லாவிட்டால் விசா இல்லை, விசா இல்லாவிட்டால் கபரும் இல்லை. சட்டம் எழுதியவர்களில் எத்தனை பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது.

அவருடைய கம்பெனி முதலாளி அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். முதலாளிக்கு டிரைவர்கள் வேண்டும், அவ்வளவுதான். லைசென்ஸ் விதியை மாற்றும் நாடு மற்ற ஐந்து நாடுகளுக்கும் முன்கூட்டியே தெரிவித்து அவர்கள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று ஆறு நாடுகளும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. இந்த நாட்டு அரசாங்கம் தெரிவிக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டார் வக்கீல். சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

கம்பெனி மானேஜர் தீர்ப்பை எங்களுக்குப் படித்துச் சொன்னார். வயதானவர்களைத் துரத்துவது அநியாயம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஐந்து நாடுகளுக்கும் தெரிவிக்காததுதான் தப்பாம்.

"நாளைக்கே போய் லைசென்ஸைப் புதுப்பிச்சிருங்க மச்சான்" என்றேன்.

"நேர்ச்சை இருக்குலா. கேஸ் ஜெயிச்சா நாலு வெள்ளி டிரைவர்மாரு கேம்புல நெய்ச்சோறு ஆக்கிப் போடுறேன்னு நேந்திருக்கேன். அதை முடிக்காம பேப்பர்ல கைவைக்க மாட்டேன்."

"சட்டம் திரும்ப வந்துட்டா?"

"கோர்ட்டே கலாஸ், முடிஞ்சுதுன்னு சொல்லிருச்சு. இன்னும் என்ன பயம் உனக்கு?"

நான்கு வெள்ளியும் சோறு மணந்தது. சாப்பிட வந்த டிரைவர்களில் பலர் லைசென்ஸைப் புதுப்பித்துவிட்டு வந்திருந்தார்கள். "அடுத்த வாரம் நானும்" என்று சொல்லி அவர்கள் தட்டில் இன்னொரு கரண்டி கறி வைத்தார் இவர். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அல்லாஹ்வுக்குக் கொடுத்த வாக்கின் மேல் எப்படிக் கோபப்படுவது?

அந்த நாட்களில் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. ஐந்து நாடுகளுக்கும் முறைப்படி கடிதம் போனது. ஐந்தும் ஆட்சேபணை இல்லை என்றன. அதே சட்டம், ஒரு சொல்கூட மாறாமல், நேர்ச்சை முடிந்த மறுநாள் அமலுக்கு வந்தது. இந்தத் தடவை எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் சொல்ல ஒரு குறையும் இல்லை. எங்கே தப்பு என்று நாங்களே வழக்குப் போட்டுக் காட்டிக்கொடுத்தது போலாயிற்று.

ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. கடைசி வெள்ளிக்கிழமை கபருஸ்தான் காவலாளியிடம் போய், ஒரே ஒரு தடவை உள்ளே விடுங்கள் பாய் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "மாஃபி, முடியாது சிஸ்டர்" என்றார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

கேட் அருகில் என் கணவர் நின்றார். வழக்கத்தைவிட மெல்லக் கேட்டார்.

"புள்ளைகிட்ட என்ன சொல்லட்டும்?"

"உம்மா வெளியதான் நிக்கிறாள்னு சொல்லுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை வெளியேகூட நிற்கமாட்டாள் என்பதையும் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.