அடியா, காய்ச்சலா

எழுதத் தெரியாதவர்களின் சரித்திரத்தை எப்படி எழுதுவது? எழுபதுகளின் கடைசியில், பினாங்கில், எங்கள் பேராசிரியர் ஒரு வழி சொல்லித்தந்தார். அடித்தவன் எழுதி வைத்ததைப் படி. கோர்ட்டுப் பதிவு, ஆஸ்பத்திரிச் சாவுப் பதிவு, துரைமாரின் கடிதம். அடிபட்டவன் அதில் எங்கேயாவது ஒரு மூலையில் தலைகாட்டுவான், பிடித்துக்கொள். நானும் பெரிய கெட்டிக்காரன் போல மூன்று வருஷம் தூசியைத் தின்றேன். அந்தப் பதிவுகளில் பாதி, குமாஸ்தா வேலைக்கு வந்த எங்கள் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் எழுதியவை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு, வெட்கங்கெட்டவன்.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கூலி வீடுகளில் ஓர் அம்மா இருந்தார். வயது அறுபது இருக்கும். அவருடைய அண்ணன் வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் மூட்டை தூக்கியவர். ஒரு நாள் மூட்டை தவறிக் கடலில் விழுந்திருக்கிறது. கூலிகளை மேய்க்கிற மண்டோர் கட்டையை எடுத்து அடித்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

இதை ஒரு தடவை கேட்டால் எங்களுக்குப் போதாது. சொன்னதை மாற்றிச் சொல்கிறாரா என்று பார்க்க வாரம் விட்டு வாரம் போய், முதலிலிருந்து சொல்லச் சொல்வோம். முதல் தடவை அழுதார். இரண்டாம் தடவை அழாமல் சொன்னார். மூன்றாம் தடவை, “போன தடவை அடி இடது பக்கம்னு சொன்னீங்களேம்மா?” என்று மடக்கினேன்.

“என்ன தம்பி, போலீஸ்காரன் மாதிரி கேக்குறீங்க? நான் என்ன பொய்யா சொல்றேன்?”

“புத்தகத்துல போடணும்மா, அதான்.”

“புத்தகத்துலயா? அப்ப நல்லா கேளுங்க. எங்கண்ணன அடிச்சுக் கொன்னானுங்கன்னு போடுங்க. அது போதும், வேற ஒண்ணும் வேணாம்.” எழுந்து நின்று, முதுகைத் திருப்பி, விழுந்த அடி ஒவ்வொன்றையும் தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டினார். நான் குறித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிப் பதிவைத் தேடிப் பிடித்தேன். பெயர், வயது எல்லாம் பொருந்தின. சாவுக்குக் காரணம்: காய்ச்சல்.

“அந்தம்மா சொல்றதுக்கு பேப்பர் இருக்கா? இல்லல்ல? அப்ப காய்ச்சல்தான்,” என்றார் பேராசிரியர். அவர் சம்மதிக்காமல் எனக்குப் பட்டம் கிடையாது. காய்ச்சல் என்றே எழுதினேன். அடிக்குறிப்பில்கூட அந்த அம்மாவைச் சேர்க்கவில்லை. சண்டை போட்டிருக்கலாம். கோழைப் பயல், போடவில்லை.

அந்த ஆய்வு புத்தகமாக அச்சாகி வந்ததும் நல்ல பிள்ளை வேஷம் போட அதை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

“படிங்க தம்பி.”

புத்தகம் இங்கிலீஷில். நானாகத் தமிழில் இட்டுக்கட்டினேன்: மண்டோர் அடித்தான், அந்த அடியில் செத்தார். சீ, வாய்கூடக் கூசவில்லை.

“எந்த எடத்துல போட்டிருக்கு? காட்டுங்க லா.”

அவர் அண்ணனைப் பற்றி அதில் இருந்ததே ஒரு வரிதான். விரலை வைத்தேன். அவர் சாமி படத்தடியில் இருந்த குங்குமத்தைத் தொட்டு வந்தார். என் விரலை மெல்ல விலக்கிவிட்டு, காய்ச்சலால் இறந்தான் என்ற அந்த வரியின் மேல் பொட்டு வைத்தார். கும்பிட்டார்.

“எழுதிட்டாங்கண்ணே,” என்று அந்த வரியைப் பார்த்துச் சொன்னார்.